உறை செய்தவரே பொறுப்பு: வாசகர் கேள்வி-பதில்

கடையில் சொப்பிங் பேக்குக்குக் காசு எடுக்கிறார்கள். இது சட்டப்படி சரியா? (ஏறாவூர்)

சரிதான். இலங்கையில் 2025 நவம்பர் 1 முதல் கைபிடி வைத்த பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. பையின் விலையைக் கடையில் எழுதி வைக்க வேண்டும், பில்லிலும் போட வேண்டும். பில்லில் இல்லாமல் காசு வாங்கினால் கேளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இது, பொருளைச் செய்தவரே அதன் குப்பைச் செலவைக் கட்ட வேண்டும் என்னும் உற்பத்தியாளர் பொறுப்புச் சட்டம் அல்ல. இங்கே காசு கொடுப்பது நீங்கள், பை செய்தவர் அல்ல.

யோகட் கரண்டிக்குத் தடை, கப்புக்குத் தடையில்லை. உண்மையா? (களுவாஞ்சிகுடி)

உண்மை. 2023 ஒக்டோபர் 1 தடையில் ஸ்ட்ரோ, கரண்டி, தட்டு, பிளாஸ்டிக் பூமாலை, இடியப்பத் தட்டு எல்லாம் உண்டு. கப் வகையில் யோகட் கப்புக்கு விலக்கு. நம்மூரில் சட்டித் தயிர் கிடைக்கும்போது கப்பைத் தேடுவானேன்? வாங்கினால் கழுவுங்கள், காய வையுங்கள், எரிக்காதீர்கள்.

மருதமுனைக் கைத்தறிச் சேலைகளை ஜேர்மனியில் உள்ள நம்மவர்களுக்கு இணையம் வழியாக விற்கிறேன். மாதம் பத்துப் பார்சல்தான். அங்குள்ள பொதியிடல் சட்டம் எனக்கும் பொருந்துமா?

பொருந்தும். "பத்துதான்" என்பதற்கு அங்கே சலுகை இல்லை, முதல் பார்சலிலிருந்தே கணக்கு. வாங்குபவரின் வீட்டுக்கு நீங்களே நேராக அனுப்பினால், அந்தச் சட்டத்தின் பார்வையில் உற்பத்தியாளர் நீங்கள்தான். முதலில் லூசிட் என்ற பதிவேட்டில் பதியுங்கள், அதற்குக் கட்டணமில்லை. பிறகு பொதிக் குப்பையைச் சேகரிக்கும் அங்குள்ள அமைப்பு ஒன்றோடு ஒப்பந்தம் செய்து, பொதியின் எடைக்குப் பணம் கட்ட வேண்டும். உங்கள் அளவுக்கு வருடம் சில பத்து யூரோவில் முடியும். கட்டாமல் விட்டால் அபராதம் 2 லட்சம் யூரோ வரை போகலாம். எடை என்றால் பெட்டி மட்டுமல்ல, உள்ளே திணிக்கும் கடதாசி, ஒட்டும் டேப் எல்லாம் சேர்த்துத்தான். அங்குள்ள கடைக்காரர் மொத்தமாக இறக்குமதி செய்தால் பொறுப்பு பெரும்பாலும் அவருடையது. அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொதியிடல் ஒழுங்குவிதி 2026 ஒகஸ்ட் 12 முதல் நடைமுறைக்கு வருகிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பால் பெட்டியைக் கடதாசியோடு போடலாமா? (வாழைச்சேனை)

கூடாது. முக்கால் பங்கு கடதாசி, மீதி பொலித்தீனும் அலுமினியமும். பழைய கடதாசிக் கட்டுக்குள் போட்டால் கட்டின் தரம் கெடும்.

எங்கள் கிராமத்துச் சனம் பிஸ்கட், மிக்சர் உறைகளைக் கண்ட இடத்தில் வீசுகிறது. இவர்களை எப்படித் திருத்துவது? (ஒலுவில்)

இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவையாவது வருகிறது. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது. வீசுவது தவறு, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த உறையை வீசாமல் கழுவி மடித்து வைத்தவரிடம் யார் வந்து வாங்குகிறார்? பழைய போத்தல் எடுக்க வருபவர் தண்ணீர்ப் போத்தலை எடுப்பார், இரும்பை எடுப்பார், மிக்சர் பக்கற்றைத் தொடமாட்டார். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் மையும் ஒன்றோடொன்று ஒட்டிய அந்த உறையைப் பிரித்தெடுக்கும் செலவு அதிலிருந்து கிடைப்பதைவிட அதிகம். 2021 மார்ச் 31 இல் 20 கிராமுக்கு உட்பட்ட சிறு பக்கற்றுகளுக்குத் தடை வந்தது. அதிலும் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு. நீங்கள் சொல்லும் உறைகளில் சிறியவை அந்த விலக்குக்குள் போய்விட்டன.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பள்ளக்காடு இருக்கிறது. அந்தக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று, எட்டு வருடங்களில் சுமார் இருபது யானைகள் செத்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. வயிற்றில் கிடந்தவை பொலித்தீனும் உணவு உறைகளும். அந்த உறைகளை உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டியது உங்கள் சோலைவரிப் பணத்தில். உறையை அச்சடித்து விற்றவர் ஒரு சதமும் கட்டவில்லை.

இதைத் திருப்பிப் போடுவதுதான் உற்பத்தியாளர் பொறுப்பு. சுவீடனில் தோமஸ் லிண்ட்குவிஸ்ட் என்ற ஆய்வாளர் 1990 இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். மறு வருடமே ஜேர்மனி அதைப் பொதியிடலுக்குச் சட்டமாக்கியது. இந்தியா 2022 இல் பிளாஸ்டிக் பொதியிடலுக்கு விரிவான விதிகளைக் கொண்டுவந்தது. உறையைச் சந்தைக்கு விட்டவர் அதைச் சேர்க்கவும் பிரிக்கவும் ஆகும் செலவைக் கட்ட வேண்டும். மீள்சுழற்சிக்கு உதவாத உறைக்குக் கட்டணத்தைக் கூட்டினால், உறையின் வடிவத்தையே மாற்றுவது கொம்பனிக்கு இலாபம். எங்கள் நாட்டில் கொம்பனிகள் விரும்பினால் செய்யும் தன்னார்வத் திட்டங்களைத்தான் பெரிதாகப் பேசினார்கள். விருப்பத்தில் குப்பை குறையாது. உங்கள் பிரதேச சபை உறுப்பினரிடம் "சனத்தைத் திருத்து" என்று கேட்காதீர்கள். அள்ளும் குப்பையில் எந்தக் கொம்பனியின் உறை எவ்வளவு என்று மூன்று நாளைக்கு எண்ணி எழுதச் சொல்லுங்கள். அந்தக் கணக்கோடு கொழும்பில் பேசலாம்.

வயலுக்கு அடித்த மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெய் வைக்கலாமா? (சம்மாந்துறை)

வேண்டவே வேண்டாம். மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரை மருந்தடிக்கும் தாங்கியிலேயே ஊற்றுங்கள். போத்தலை ஓட்டை போடுங்கள். வாய்க்காலில் விடாதீர்கள், எரிக்காதீர்கள்.

எங்கள் சங்கத்தில் இரண்டு டொன் பிளாஸ்டிக் சேர்ந்திருக்கிறது. என்ன விலை போகும்? (வாகரை)

எந்தப் பிளாஸ்டிக்? பிளாஸ்டிக்கில் பதித்த முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கத்தைக்கூடப் பார்க்காமல் விலை கேட்கிறீர்கள். 1 தண்ணீர்ப் போத்தல், 2 ஷாம்பு, மருந்துப் போத்தல் வகை, 5 மூடிகளும் பெட்டிகளும். ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. 3 ஆம் இலக்கம் (பிவிசி) 1 ஆம் இலக்கத்தோடு கொஞ்சம் கலந்தாலும் முழு மூட்டையும் பழுது, உருக்கும்போது அது கருகிப் போகும். இலக்கம் இருப்பதால் அது மீள்சுழற்சிக்குப் போகும் என்றும் நினைக்காதீர்கள், அது பிளாஸ்டிக்கின் வகையைத்தான் சொல்கிறது. மூட்டைகளை அவிழ்த்து இலக்கப்படி பிரியுங்கள். கழுவுங்கள், காய வையுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்று எழுதுங்கள், விலையைப் பிறகு பேசுவோம்.