உச்சி ஒன்றுதானா? கேள்விகளும் பதில்களும்

பல மரபுகளின் ஞான நூல்களைப் பல வருடமாக வாசிப்பவன் நான். ஞானி இல்லை. பதில்களை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லா மதங்களும் ஒரே உண்மையைத்தானே சொல்கின்றன?

சட்டென்று ஆமாம் போட மாட்டேன். ஆத்மாவே பிரம்மம் என்கிறது அத்வைதம். நிலையான ஆத்மா என்று எதுவும் இல்லை என்கிறது பௌத்தம். கடவுள் மனிதனாக வந்தார் என்பது கிறிஸ்தவத்தின் உயிர்நாடி. இஸ்லாம் அதைத் தெளிவாக மறுக்கிறது. இதெல்லாம் வெறும் சொல் வித்தியாசம் என்று தள்ளிவிட்டால், அந்த மரபுகளுக்காக உயிரையே கொடுத்தவர்களை நாம் மதிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆனால் ஓர் இடத்தில் இவர்கள் பேச்சு நெருங்கி வருகிறது. பிருகதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் ‘நேதி நேதி’, இதுவல்ல, இதுவல்ல என்கிறார். சொல்லில் அடங்கும் தாவோ (வழி) நிலையான தாவோ அல்ல என்றுதான் சீனத்தின் தாவோ நூலே தொடங்குகிறது. யூதர்களின் மறைஞான மரபான கபாலா, கடவுளை ‘ஐன் சோஃப்’, அதாவது முடிவற்றது, என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எல்லோரும் ஒரே இடத்தில் வாய் மூடுகிறார்கள் என்பதால் எல்லோரும் கண்டது ஒன்றுதான் என்று ஆகிவிடாது. இருந்தாலும் எனக்கு இது சாதாரண ஒற்றுமையாகப் படவில்லை.

கேள்வி: சொல்லில் அடங்காது என்றால் இவ்வளவு படிப்பது எதற்கு?

தாமஸ் அக்வினாஸ் கதையைப் பாருங்கள். கிறிஸ்தவ இறையியலின் பெரிய மூளை. 1273 டிசம்பரில், நேப்பிள்ஸில் ஒரு நாள் திருப்பலியின்போது அவருக்கு ஏதோ நேர்ந்தது. அதன்பின் பேனாவைத் தொடவில்லை. தொடர்ந்து எழுதும்படி உதவியாளர் ரெஜினால்ட் வற்புறுத்தியபோது, தான் கண்டதன் முன் எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தெரிகிறது என்றார். சில மாதங்களில், 1274 மார்ச்சில், காலமானார். அவர் எழுதிக்கொண்டிருந்த பெரிய இறையியல் நூல் பாதியில் நின்றது.

படிக்காமல் இருப்பதற்கு இதையே சாக்காகச் சொல்பவர்கள் உண்டு. அந்த மனிதர் அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் எழுதிக் குவித்தவர் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: காலையில் ஜென் தியானம், இரவில் சூஃபி திக்ர், அதாவது இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது. இப்படிச் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. உங்களை உறுத்தும் பகுதியைத்தானே முதலில் விட்டுவிடுவீர்கள்? ராமகிருஷ்ணர் 1866 வாக்கில் இஸ்லாமிய சாதனை செய்தார். அந்தச் சில நாட்களும் தொழுதார், காளி கோயிலுக்குள் போகவில்லை, இந்து தெய்வப் படங்களைப் பார்க்கக்கூட மனம் வரவில்லை என்கிறது அவர் வரலாறு. அவர் கலந்து குடிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் முழுதாக முங்கி எழுந்தார்.

கேள்வி: பிற மதத்தைப் படித்தால் சொந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடுமோ?

ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோ, காசிப் பண்டிதர்களை வைத்துக்கொண்டு ஐம்பது உபநிஷதங்களைப் பாரசீகத்தில் கொண்டுவந்தார். 1657இல் அது முடிந்தது. குர்ஆன் குறிப்பிடும் ‘மறைக்கப்பட்ட நூல்’ இதுதான் என்று நினைத்தார். அவர் இஸ்லாத்தை விடவில்லை, அதற்குள் நின்றே தேடினார். 1659இல் மதத்தை விட்டவர் என்று குற்றம் சாட்டிக் கொன்றார்கள். அதற்குப் பின்னால் அரியணைப் போட்டியும் இருந்தது என்பது வேறு விஷயம். அவருடைய மொழிபெயர்ப்பிலிருந்து லத்தீனுக்குப் போனதைத்தான் பிறகு ஜெர்மன் தத்துவஞானி ஷோப்பன்ஹவர் தலையில் வைத்துக் கொண்டாடினார். ஆட்டம் கொஞ்சம் காணத்தான் செய்யும். அதற்குப் பயந்தால் வீட்டிலேயே இருங்கள்.

கேள்வி: போலி குருவை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். முகம் சிவந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: தியானத்தில் மூன்று நாளாக நீல ஒளி தெரிகிறது. உச்ச உண்மையை நெருங்கிவிட்டேனா?

ஜென் மரபில் இதற்கு ‘மக்யோ’ என்று பெயர். தியானத்தில் வரும் மாயக் காட்சி. வந்தால் வரட்டும், பின்னால் போகாதே என்பார்கள். ஸ்பெயினின் கிறிஸ்தவ ஞானி சிலுவை யோவானும் காட்சிகளைப் பிடித்துத் தொங்காதே என்றுதான் எச்சரிக்கிறார். நம் அருணகிரிநாதருக்குக் கிடைத்த உபதேசமோ ‘சும்மா இரு, சொல் அற’. அதில் ஒளி பற்றிப் பேச்சே இல்லை.

ஒளியின் நிறத்தை விவரமாக எழுதியிருக்கிறீர்கள், சரி. இந்த மூன்று நாளில் வீட்டில் எத்தனை முறை எரிந்து விழுந்தீர்கள் என்பதை எழுதவில்லையே. கூட இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.