வீட்டு ஸ்டீரியோவுக்கு எந்த சப்வூஃபர் பொருத்தமானது?

சப்வூஃபர் என்பது ஏறத்தாழ 20 முதல் 80 ஹேர்ட்ஸ் வரையான ஆழ்ந்த ஒலிகளுக்கென்றே அமைந்த தனி ஒலிபெருக்கியாகும். அவ்வொலிகளை எழுப்ப மிகுந்த காற்றைத் தள்ள வேண்டும். அம்பாறை வயற்களத்தில் சுளகு செய்யும் வேலையைக் கைவிசிறியால் செய்ய இயலாதது போல, சிறிய ஒலிபெருக்கிகளால் அது முடிவதில்லை.

பாட்டுக் கேட்பதே நோக்கமெனில், துளையற்ற மூடிய பெட்டியையே நான் தெரிவுசெய்வேன். மத்தளத்தின் அடி நின்றதும் சப்வூஃபரின் கூம்பும் (அதிர்ந்து காற்றைத் தள்ளும் பகுதி) விரைவாக அடங்குவதால், அடிகள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. துளையுள்ள பெட்டி அதே அளவில் கூடுதல் முழக்கம் தரும் (திரைப்படத்துக்கு அது நன்று). சாதாரண அறைக்கு 8 அல்லது 10 அங்குலக் கூம்பு போதும். சுவர் மூலையில் வைத்தால் முழக்கம் மிகும்.

யன்னல் அதிர்வதே தரமென்று பலர் எண்ணினாலும், சரியாக அமைத்த சப்வூஃபர் தனித்துக் கேட்பதில்லை. அதை நிறுத்தும்போதுதான் குறை தெரியும்.