ரீவி நகைச்சுவைத் தொடரில் நடிக்கும் பெண் பாடகியாகவும் பெயரெடுக்க முடியுமா?

முடியும் என்று ஒரு சொல் எழுதிவிட்டுப் போயிருப்பேன். கேள்விக்குக் கீழே நீங்கள் போட்டிருந்த வரிதான் என்னை இருத்திவிட்டது. "பகிடியை விட்டுவிட்டுப் பாட்டைப் பிடி, இரண்டும் ஒன்றாக ஓடாது என்று அம்மா சொல்கிறார்." உங்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும் என்று நினைக்கிறேன். தங்கச்சி என்றே எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

தங்கச்சி, நான் முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளை. எங்கள் பக்கம் கூத்தில் பாடத் தெரியாதவனுக்கு வேசம் கிடையாது. பெரியப்பா காத்தவராயன் கூத்தில் ஆரியப்பூமாலையாக ஆடியவர். மீசையை வழித்துவிட்டுச் சேலை கட்டி வந்து எடுப்பார் பாருங்கள், ஆர்மோனியக்காரர் அவர் சுருதிக்கு ஓடிவர வேண்டும். பிற்பாட்டுக்காரர் பின்னால் நின்று இரண்டாம் தரம் பாடுவார்கள், ஆனால் முதல் தரம் ஆடுகிறவன் வாயிலிருந்துதான் வரவேண்டும். நடிப்பு வேறு, பாட்டு வேறு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அது சினிமா கொண்டுவந்த பிரிப்பு.

சினிமாவிலும் எல்லோரும் பிரிந்துபோய்விடவில்லை. என்.எஸ்.கிருஷ்ணனோடு நடித்த ரி.ஏ.மதுரம் தன் பகிடிப் பாட்டுகளைத் தானே பாடினார். மனோரமாவை எடுங்கள். 1937இல் மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்த பிள்ளை, பெயர் கோபிசாந்தா. சின்ன வயதிலேயே நாடக மேடை ஏறி, அங்கேதான் மனோரமா ஆனார். 1958இல் 'மாலையிட்ட மங்கை'. அதற்குப் பிறகு ஆயிரம் படத்துக்கு மேல், கின்னஸ் புத்தகம், 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவ்வளவாகக் கதைக்கப்படாதது ஒன்று இருக்கிறது. 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. அதில் மனோரமா ஜில் ஜில் ரமாமணியாகப் பாடி ஆடுவார், ஆனால் அந்தக் குரல் எல்.ஆர்.ஈஸ்வரியுடையது. அதே 1968இல் 'பொம்மலாட்டம்' வந்தது. 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' மனோரமாவின் சொந்தக் குரல். ஒரே வருசத்தில் ஒரு படத்தில் வாயசைப்பு, மற்றதில் பாட்டு. 1994இல் 'மே மாதம்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையிலும் பாடினார், ஐம்பத்தேழு வயதில்.

அவர் சினிமா, நான் கேட்டது ரீவி என்று சொல்வீர்கள். பின்னாளில் அவர் ரீவித் தொடர்களிலும் நடித்தார். அது கிடக்கட்டும். "மனோரமாவோடு உன்னை ஒப்பிடுகிறாயா" என்று கீழே ஒருவர் கட்டாயம் வருவார். ஒப்பிடவில்லை ஐயா. எனக்கும் அந்த 'வா வாத்தியாரே' பாட்டுக்கும் ஒரு கணக்குத் தீராமல் கிடக்கிறது, அதைச் சொல்ல வந்தேன்.

1997. எங்கள் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா. பகல் விழாதான், இரவில் வைக்க மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? கரண்ட் இல்லை. யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பற்றறியும் இல்லை. செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து அரை மணி நேரம் உயிர் எடுத்த காலம். ரேடியோவோ ரேப் ரெக்கோடரோ, சயிக்கிள் டைனமோவில்தான் ஓடும். நாடகத்தில் எனக்கு ஆச்சி வேசம். தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டுக் கப்பலில் திரும்பி வந்த ஆச்சி, ஊராருக்கு மெட்ராஸ் பாசை பேசிக் காட்டுவாள். அதற்குள் 'வா வாத்தியாரே'. நான் பாடுகிறேன் என்று ரீச்சரிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "நீ நடி, பாட்டு கசற்றில் போகட்டும்" என்றுவிட்டார்.

மேடைத் திரைக்குப் பின்னால் சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சின்னண்ணா பெடலைக் கையால் சுற்ற வேண்டும். முதல் பாதி நன்றாகப் போனது. அண்ணாவுக்கு நாடகம் பார்க்க ஆசை வந்து, திரையிலிருந்த ஓட்டையில் கண்ணை வைத்திருக்கிறான். சிரிப்பில் கை தளர்ந்துவிட்டது. மனோரமாவின் குரல் மெல்ல மெல்லத் தடித்து, ஆம்பிளைக் குரலாகி, கடைசியில் கிணற்றுக்குள் விழுந்த எருமை மாதிரி இழுத்தது. எனக்கு என்ன தோன்றியதோ, நானும் அதே வேகத்துக்கு இறங்கினேன். இடுப்பு மெதுவாக, கை மெதுவாக, வாயை ஆவென்று திறந்து ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம். ஆராவது அவனை அதட்டியிருக்க வேண்டும், விழுந்தடித்துச் சுற்றினான். பாட்டு அணில் மாதிரிப் பறந்தது. நானும் மேடையைச் சுற்றி ஓடினேன். வாங்கிலில் இருந்த சனம் நிலத்தில் இருந்து சிரித்தது. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்றிலிருந்து நான் 'பற்றறி ஆச்சி'. இன்றுவரைக்கும்.

அடுத்த வருசம் ஒளிவிழாவோ வாணிவிழாவோ, வாணிவிழாதான், தேவாரம் பாட என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று மாதம் பாடமாக்கிய தேவாரம். வாயைத் திறந்தேன், முன்வரிசை சிரித்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்று பாடினேன். நிறுத்தி நிறுத்திச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் நான் பாடவில்லை.

ஆகவே உங்கள் அம்மா சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒருதரம் சிரிக்க வைத்துவிட்டால் அழப்போகும்போதும் சனம் சிரிக்கக் காத்திருக்கும். ஆனால் பகிடியை விடுவது மருந்தில்லை. நான் செய்த பிழை நடித்தது இல்லை, அந்தக் கசற்றுக்கு வாயசைத்தது. ஆச்சி வேசத்தோடேயே பாடியிருந்தால், "இவள் பாடுவாள்" என்பதும் அன்றே சேர்ந்து போயிருக்கும். உங்கள் தொடரில் பாட்டு வந்தால், இரண்டு வரி என்றாலும், நீங்களே பாடுங்கள். வேறு குரல் போட விடாதீர்கள்.

(யுத்தகாலத்தில் உங்களுக்கு நாடகமும் சிரிப்புமா என்று கேட்பவர்களுக்கு: சிரிக்காமல் இருந்திருந்தால் பற்றறி வந்திருக்குமா?)

இப்போது எல்லா வீட்டிலும் ஸ்டூடியோ இருக்கிறது, போனில் பாடிப் போடலாம் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நானும் பார்த்தேன். பகலில் கோழி, பிள்ளைகள். இரவு பதினொன்றுக்குப் பிறகு மணல் ஏற்றும் ரிப்பர் லொறி. ஒன்று போனால் பின்னால் நான்கு. கூரை ஓடு கிலுகிலுக்கிறது. தார் போட்டு இரண்டு மாரி தாங்காத ரோட்டில் அத்தனை பாரம் எப்படித்தான் போகிறதோ, இரவில் மட்டும் ஆருக்குத்தான் கண் தெரியாமல் போகிறதோ! ஆற்றங்கரை இடிந்து எங்கள் வயல் வரம்பு வரைக்கும் வந்துவிட்டது. மனு கொடுத்தோம், மனுவின் பிரதி அலமாரியில் இருக்கிறது. கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தெரியும். என் போனில் இருக்கிற பதினேழு பாட்டிலும் ரிப்பர் சத்தம் இருக்கிறது, அதனால் எழுதினேன்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். அம்மம்மா செத்தபோது, செத்தவீட்டுச் சடங்கில் சுண்ணம் இடிக்க உலக்கை பிடித்தவர்களுக்குத் திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாட ஆள் வரவில்லை. வழமையாகப் பாடும் ஐயாவுக்குக் காய்ச்சல். புத்தகம் என் கையில் இருந்தது, பாடினேன். இருபது பாட்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. முடிய, பந்தலுக்குள் இருந்த கிழவர் ஒருவர் பக்கத்து ஆளிடம், "உது பற்றறி ஆச்சியெல்லோ?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. இப்போது நாலு ஊர்ச் செத்தவீட்டுக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பிறந்தநாள் வீட்டுக்குப் பகிடிக்குக் கூப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் போகிறேன். இதைப் பெயரெடுத்ததாகக் கணக்கில் எடுப்பீர்களோ தெரியாது.

வரும் ஆவணியில் ஒட்டுசுட்டானில் ஒரு கலியாணம், மச்சாள் மகளுக்கு. மாப்பிள்ளை அழைப்பன்று அந்தப் பழைய ஆச்சியை ஒருக்கால் செய்து காட்டச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டார்கள். பாட்டை நானே பாடுவதென்றால் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சின்னண்ணாவும் கனடாவிலிருந்து வருகிறான். போன கிழமை போன் எடுத்து, சயிக்கிள் ஒன்று பார்த்து வைக்கட்டோ என்று கேட்டான்.