ஊக்கு மாட்டிவிட்டு எழுந்து போகக்கூடிய தொழில்

கேள்வி: கைவினைப் பொருட்கள் செய்வதில் ஆர்வம் உண்டு. குழந்தை, வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் அதை ஒரு சிறு தொழிலாக வளர்க்க முடியுமா? நேரத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நேரத்தைச் சமாளிக்கிறேன் என்று நான் சொன்னால் என் வீட்டில் சிரிப்பார்கள். 7 வருடமாகக் குரோஷா பொம்மைகள், அதாவது நுனியில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் நூலில் பின்னும் பொம்மைகள், செய்து விற்கிறேன். முதல் மூன்று வருடம் அடித்துப் பிடித்து ஓடியதுதான் நினைவிருக்கிறது. அப்புறம் ஒரு விஷயம் பிடிபட்டது, ஓட்டம் கொஞ்சம் குறைந்தது.

'தினமும் 2 மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள்' என்று எல்லோரும் சொல்வார்கள். ஒதுக்கலாம்தான். ஆனால் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த 2 மணி நேரம் ஒருநாளும் ஒரே துண்டாகக் கையில் கிடைக்காது. பத்து நிமிடம், ஏழு நிமிடம், அதிர்ஷ்டம் இருந்தால் இருபது நிமிடம் என்று சில்லறையாகத்தான் வரும். அதனால் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், நீங்கள் செய்யும் வேலை சில்லறை நேரத்தைத் தாங்குமா என்று பாருங்கள். எனக்கு இது புரியவே மூன்று வருடம் ஆனது.

குரோஷாவில் எந்த நொடியிலும் ஊசியில் நிற்பது ஒரே ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம். யாராவது கூப்பிட்டால் அந்தக் கண்ணியைக் கொஞ்சம் நீளமாக இழுத்து, ஒரு ஊக்கு மாட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். மூன்று நாள் கழித்து வந்து ஊக்கைக் கழற்றினாலும் விட்ட இடத்திலேயே இருக்கும். இரண்டு ஊசி வைத்து ஸ்வெட்டர் பின்னுவது வேறு கதை. ஒரு வரிசைக் கண்ணி மொத்தமும் ஊசியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு வயதுப் பிள்ளை ஊசியை உருவிப் பார்த்துவிட்டால் அன்றைய உழைப்பு போச்சு.

அச்சில் ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் ரெசின் அதைவிட மோசம். இரண்டு திரவத்தையும் கலந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும், 'இதோ வந்துட்டேன்' எல்லாம் அதனிடம் செல்லாது. கையுறை, முகக்கவசம், நல்ல காற்றோட்டம் என்று அதற்கான ஏற்பாடும் தனி. குழந்தைகள் நடமாடும் அறையில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. காற்றில் உலரும் களிமண்ணைப் பாதியில் விட்டுப் போனால் ஓரம் காய்ந்து வெடிக்கும். பாலிமர் களிமண் அப்படியில்லை, சூடு காட்டும்வரை இறுகாது, மூடி வைத்துவிட்டு அடுத்த வாரம்கூடத் தொடரலாம். எம்பிராய்டரியில் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்துவிடலாம், ஆனால் துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றாமல் நாள்கணக்கில் விட்டால் துணியில் தடம் விழுந்துவிடும். எந்தக் கலை உயர்ந்தது என்ற பேச்சே இல்லை இங்கே. உங்கள் வீட்டில் எது ஓடும் என்பதுதான்.

ஒரே கலைக்குள்ளும் இந்தக் கணக்கு உண்டு. ஒரு முயல் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். கை, கால், காது எல்லாம் சின்னச் சின்னக் குழாய்கள். கண் மூடிப் பின்னலாம், குழந்தையின் நீச்சல் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து பின்னலாம். தலையும் உடம்பும் அப்படி இல்லை. 6 கண்ணியில் ஆரம்பித்து, சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டி 12, 18, 24, 30, 36 என்று போக வேண்டும். நடுவில் யாராவது 'என் நீல ஜட்டி எங்கே?' என்று கேட்டால் எண்ணிக்கை பறந்துவிடும், உருண்டை கோணிக்கொள்ளும். சுற்றின் முதல் கண்ணியில் வேறு நிற நூல் ஒன்றைக் கோத்து வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

முகம் வைக்கிற வேலைக்கு 40 நிமிடம் யாருமே கூப்பிடக் கூடாது. பகல் வெளிச்சமும் வேண்டும். கண்கள் ஒரு சுற்று மேலே ஏறினால் முயலுக்குத் திடுக்கிட்ட முகம் வந்துவிடும். புருவ நூல் அரை கண்ணி சாய்ந்தாலும் போதும், கோபித்துக்கொண்டது போல இருக்கும். ஒருமுறை இரவு பதினோரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் ஒரு கரடிக்கு முகம் வைத்து அனுப்பிவிட்டேன். வாங்கியவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்: 'ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது எங்க மேல ஏன் கோவமா இருக்கு?'

இப்போது என்னிடம் மூன்று கூடைகள் இருக்கின்றன. கை, கால், காதுக்கு ஒன்று, அது என்னோடு எங்கும் வரும். எண்ண வேண்டிய வேலைக்கு ஒன்று, குழந்தை தூங்கும் நேரத்தில் மட்டும் திறப்பேன். முகங்களுக்கு ஒன்று. அது வாரத்தில் ஒரே ஒரு காலை, என் கணவர் குழந்தையை வெளியே கூட்டிப்போகும்போது மட்டும். கை கால்கள் பையில் சேர்ந்துகொண்டே வரும், அந்த ஒரு காலையில் இரண்டு முகம் முடித்துவிடுவேன். நேரம் முன்பு இருந்த அதே நேரம்தான்.

முகம் என்றதும் இன்னொன்று. 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான பொம்மையில் பொத்தானோ பிளாஸ்டிக் கண்ணோ வைக்காதீர்கள், நூலாலேயே கண்ணைத் தைத்துவிடுங்கள். அந்த வயதுக்கான பொம்மைகளில் தனியே கழன்று வரக்கூடிய பாகங்களைச் சோதிக்க 3.17 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழாயை வைத்திருக்கிறார்கள். பாகம் அதற்குள் முழுசாக அடங்கிவிட்டால் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று அர்த்தம். கண், மூக்கு, பொத்தான் எல்லாமே அடங்கிவிடும். 'பாதுகாப்புக் கண்' என்ற பெயரில் விற்கும் கண்களும் அதில் அடக்கம்.

சரி, தொழிலுக்கு வருவோம். ஒரு மாதம் முழுக்க ஒரு நோட்டில் எழுதி வைத்துப் பார்த்தேன். ஒரு முயல் பின்னி முடிக்க ஆறரை மணி நேரம். அதே முயலைப் படம் எடுக்க, விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல, பார்சல் கட்ட, முகவரி சரிபார்க்க, சரியான நிற நூல் தேட என்று இன்னொரு 3 மணி நேரம். இந்த மூன்று மணி நேரத்தை நான் விலையில் சேர்த்ததே இல்லை! 'நூலுக்கான செலவைப் போல மூன்று மடங்கு' என்று எங்கோ படித்த சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது பாசி மாலைக்குச் சரிப்படலாம். நூல் குறைவாகவும் நேரம் அதிகமாகவும் தின்னும் குரோஷாவுக்கு அது தண்டனை. நீங்களும் ஒரு பொருளுக்காவது எழுதிப் பாருங்கள், பேனாவை வைப்பதற்குள் விலையை ஏற்றிவிடுவீர்கள்.

'இதைவிடக் குறைவாக வெளியே கிடைக்கிறதே' என்பார்கள். கிடைக்கும். ஆலைகளில் ஓடும் இயந்திரங்கள் குரோஷா மாதிரித் தோற்றம் தரும் துணியைத் தரும், அசல் குரோஷா இன்னும் கையால் பின்னுவதுதான். அப்படியானால் அந்த மலிவான பொம்மையையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பின்னியிருக்கிறார், அவர் கைக்கு என்ன போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் போட்டிக்கு நான் போவதில்லை. 'நமக்குள்ளே என்ன காசு' என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு வருடத்துக்கு இரண்டு பொம்மை என் அன்பளிப்பு, யாருக்கு என்பதை நான் முடிவு செய்வேன். என் நாத்தனார் ஒரு வருடம் பேசவில்லை. இப்போது பேசுகிறார்.

மூன்றாவது வருடம் ஒரு பண்டிகை சமயத்தில் 23 ஆர்டர் எடுத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லக் கூச்சம், எண்ணிக்கையைப் பார்த்துப் பெருமை வேறு. பத்தாவது பொம்மையிலேயே வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு மிச்சத்தையும் முடித்தேன், அதைச் சாதனையாக நினைத்தேன் என்பதுதான் வெட்கம். அந்த மூன்று வாரமும் குழந்தையை வளர்த்தது டிவி. இப்போது மாதத்துக்கு 8 பொம்மை. ஒன்பதாவது ஆள் அடுத்த மாதப் பட்டியலில். காத்திருக்க மாட்டேன் என்று போனவர்கள் நான் பயந்த அளவுக்கு இல்லை. முடிந்தவரை செய்து வைத்துவிட்டு விற்கிறேன். 'காது மட்டும் ஊதா நிறத்தில்' என்று கேட்டுச் செய்யும் ஆர்டர்கள் எட்டில் இரண்டுதான், அவற்றுக்குத்தான் இருபது மெசேஜ் வரும்.

வீட்டில் உள்ளவர்களிடம் 'கொஞ்சம் உதவி செய்யுங்களேன்' என்று வருடக்கணக்கில் கேட்டிருக்கிறேன். கேட்டால் செய்வார்கள், ஆனால் எதை, எப்போது என்று நினைவில் வைத்துச் சொல்வது என் வேலையாகவே இருக்கும். அப்புறம் பார்சல் வேலையை முழுசாக என் கணவர் தலையில் கட்டினேன். பெட்டி வாங்குவது, ஒட்டுவது, அனுப்புவது, போய்ச் சேரவில்லை என்றால் விசாரிப்பது, எல்லாம் அவர் பாடு. முதல் மாதம் இரண்டு முகவரிகள் மாறிப்போயின. நான் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பதிலிலேயே மிகக் கஷ்டமான காரியம் அதுதான் என்று சொல்வேன்.

இன்னும் பெரிதாக வளர வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆள் வைத்துப் பெருக்க எனக்கு மனமில்லை. சொந்தமாக வடிவமைத்த பொம்மைகளின் செய்முறையை எழுதி விற்க ஆரம்பித்திருக்கிறேன். ஒருமுறை எழுதினால் பலமுறை விற்கும், எழுதும் வேலையும் சில்லறை நேரத்தைத் தாங்கும். ஆனால் வேறு இரண்டு மூன்று பேரைப் பின்னச் சொல்லிச் சோதிக்காமல் வெளியிடாதீர்கள், ஒரு எண் தப்பினால் அத்தனை பேரும் கேட்பார்கள். அடுத்தவர் செய்முறையை வாங்கிப் பின்னுகிறீர்கள் என்றால், செய்ததை விற்கலாமா என்று அதிலேயே எழுதியிருக்கிறதா பாருங்கள். பிரபல கார்ட்டூன் பாத்திரங்களைப் பின்னி விற்பது பதிப்புரிமைச் சிக்கல், பக்கம் போகாதீர்கள்.

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் சோதனை ஒன்று நடத்தினார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம் 'வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த அந்தக் குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் கிட்டத்தட்ட பாதி நேரம்தான் வரைந்தார்களாம். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. படித்தபோது எனக்கு என் முயல் ஞாபகம் வந்தது.

என் மகளுக்கென்று ஆரம்பித்த முயல் அது. ஆர்டர் இல்லையே என்று தள்ளித் தள்ளி, ஒற்றைக் காதோடு எட்டு மாதம் கூடையின் அடியில் கிடந்தது. அதற்குள் அவளுக்கு ஐந்து வயது. புதிதாக எதைக் கையில் எடுத்தாலும் பக்கத்தில் வந்து நின்று ஒரே கேள்விதான்: "அம்மா, இது ஆர்டரா, நமக்கா?"

அதிலிருந்து மாதத்தின் எட்டில் ஒன்று எங்கள் பெயரில். படம் எடுப்பதில்லை, விலை போடுவதில்லை, அவசரமும் இல்லை. இந்த மாதம் ஒரு ஆக்டோபஸ். அவளே நிறம் சொன்னாள், ஒன்பது கால் வேண்டும் என்றாள். ஆக்டோபஸுக்கு எட்டுதானே என்றேன். "ஒண்ணு தொலைஞ்சு போனா?" என்றாள். ஏழாவது காலில் இருக்கிறேன்.