ஏரி வண்டலை வயலுக்கு அடிக்கும் முன்

கேள்வி: வாணியம்பாடி பக்கம், ஆந்திர எல்லையோரம் எங்கள் ஊர். தோல் தொழிற்சாலைக் கழிவு முன்பு எங்கள் ஏரியில் கலந்தது. இப்போது தண்ணீரைச் சோதித்ததில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள் இருக்கிறது. வண்டலை நெல் வயலுக்கு அடிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு லோடுகூட அடிக்க வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்வது குடிநீருக்கான வரம்பு. தண்ணீர் அதைத் தாண்டவில்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் தோல் பதனிடும் குரோமியம் தண்ணீரில் அதிக நாள் தங்காது. களியில் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். மேலே தெளிந்த ஏரியின் வண்டலில் பல வருஷத்துக் கழிவு கிடக்கலாம்.

வண்டலைத்தான் சோதிக்க வேண்டும். கழிவு வந்த கால்வாய் வாயில், நடு ஏரி, மதகோரம் என மூன்று இடங்களில், மேல் அரை அடியைத் தனியாகவும் அதற்குக் கீழே உள்ளதைத் தனியாகவும் எடுங்கள். இரும்பு மண்வெட்டி பட்ட மண்ணை ஒதுக்கிவிட்டு, மரக்கரண்டியால் அள்ளிப் புது பிளாஸ்டிக் பையில் போடுங்கள். கழிவே எட்டாத பக்கத்து ஏரியிலிருந்தும் ஒரு மாதிரி கட்டாயம் வேண்டும். எந்த மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் குரோமியம் இருக்கும். ஒப்பிட்டால்தான் கூடுதல் எவ்வளவு என்று புரியும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று வழி சொல்வார்கள். குரோமியத்தோடு காரீயம், காட்மியம், உப்பு அளவு (ஈ.சி.) மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தோல் கழிவில் பயிரை முதலில் கருக்குவது உப்புதான்.

நெல்லில் குரோமியம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், மணிக்குக் கொஞ்சமே ஏறும். அதை நம்பி அடித்துவிடாதீர்கள். காட்மியம் அப்படி நிற்காது. வயல் காயும்போது இன்னும் எளிதாகப் பயிருக்குள் போகும். அந்த வண்டலில் கீரை போட்டால் இன்னும் மோசம். உப்பையாவது நல்ல தண்ணீர் கட்டி வடித்துவிடலாம். வயலில் சேர்ந்த உலோகத்தை உங்கள் பேரன் காலத்திலும் வெளியே எடுக்க முடியாது.

கோடையில் மாடுகள் சேற்றைக் கலக்கித்தான் குடிக்கும். முடிவு வரும்வரை அவற்றுக்கு வேறு தண்ணீர் காட்டுங்கள். ஏரியை ஒட்டிய கிணறு என்றால் அந்தத் தண்ணீரையும் சேர்த்துச் சோதித்துவிடுங்கள்.