பனிக்காலச் சைக்கிள், மரத்துப்போகும் கால்கள்: கேள்வி பதில்

டொராண்டோவில் ஏழு குளிர்காலமாக வேலைக்குச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். போக 11 கிலோமீட்டர், வர 11. கால் குளிர்வதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

அண்ணை, தடிச்ச சொக்ஸ் ரெண்டு சோடி போட்டும் விரல் விறைக்குது. மூண்டாவதும் போடட்டோ?

வேண்டாம், இருப்பதில் ஒன்றைக் கழற்றுங்கள். காலுக்குச் சூட்டைக் கொண்டு வருவது ரத்தம். வந்த சூட்டைப் பிடித்து வைப்பதுதான் சாக்ஸின் வேலை. அளவாக இருக்கும் ஷூவுக்குள் இரண்டைத் திணித்தால் கால் இறுகி ரத்த ஓட்டம் குறையும், சாக்ஸும் நசுங்கி அதில் நிற்க வேண்டிய காற்று வெளியே போய்விடும். முதல் வருடம் நானும் இதே தப்பைத்தான் செய்தேன். வீட்டுக்கு வந்து கழற்றினால் புறங்காலில் ஷூ நாடாவின் தடம் சிவப்புக் கோடாகப் பதிந்திருக்கும், அதற்குக் கீழே விரல்கள் வெளுத்துப்போய்க் கிடக்கும்.

ஷூவை மாட்டியபின் உள்ளேயே ஐந்து விரலையும் மடக்கி நீட்டிப் பாருங்கள். முடியவில்லை என்றால் குளிர்காலத்துக்கு ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்குவதுதான் வழி. மற்ற செலவெல்லாம் அதற்கு அப்புறம்.

நடக்கும்போது இந்த அளவு குளிர்வதில்லையே, ஏன்?

நடக்கையில் பாதம் மடங்கி நிமிர்கிறது, ரத்தமும் ஓடுகிறது. பெடலின் மேல் அது பலகை மாதிரி அசையாமல் இருக்கிறது. காற்றும் நேராக விரலில்தான் அடிக்கும். மைனஸ் 10 டிகிரியில் 20 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால் உடம்புக்கு அது மைனஸ் 18 மாதிரி. அதனால் ஷூவுக்கு மேலே காற்றுப் புகாத உறை அவசியம். நியோபிரீன் என்ற ரப்பர் மாதிரிப் பொருளில் செய்தது நன்றாக உழைக்கிறது. விரல் மரக்க ஆரம்பித்தால் இறங்கி இரண்டு நிமிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள், சூடு திரும்பும்.

இன்னொன்று, உடம்பு குளிர்ந்தால் அது முதலில் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். கணுக்காலும் முழங்காலும் திறந்து கிடந்தால் எந்த ஷூவும் காப்பாற்றாது.

பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் கிளீட் என்ற துண்டு வைத்த ஷூ குளிர்காலத்துக்குச் சரியா?

போடலாம். ஆனால் கிளீட் உலோகம் என்றால் அது உள்ளங்காலின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே கம்பளி அட்டை போடுங்கள், அடியில் காற்றோட்டத்துக்கு விட்ட ஓட்டைகளை டேப் ஒட்டி அடையுங்கள். என்னைக் கேட்டால், ஜனவரி, பிப்ரவரிக்குச் சாதாரண பிளாஸ்டிக் பெடலும் பனி பூட்ஸும் போதும். வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

பருத்தி சாக்ஸ்?

கூடவே கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். மெரினோ கம்பளி ஈரத்திலும் சூடு காக்கும்.

ஷூவுக்குள் வைக்கும் சூட்டுப் பொட்டலம் வாங்கினேன் அண்ணா, சுடவே இல்லை. ஏமாற்று வேலையா?

இல்லை தம்பி. அதற்குள் இருப்பது இரும்புத் தூள். காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கும்போதுதான் சூடு வரும். இறுக்கமான ஷூவுக்குள் அதற்கு மூச்சே கிடைக்காது. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே பிரித்து வெளியே வையுங்கள். அப்புறம் சாக்ஸுக்கு வெளியே, விரல்களுக்கு மேல்பக்கம் ஒட்டுங்கள். வெறும் தோலில் வைத்தால் புண்ணாகும்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அவரும் என்னோடு ஓட்டுகிறார். அவருக்கும் அதை வைக்கலாமா?

வைக்காதீர்கள் அம்மா. சர்க்கரை நோயில் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுட்டாலும் குளிர்ந்தாலும் அவருக்குத் தெரியாமல் போகும். மருத்துவரைக் கேட்டபின் குறைந்த தூரம் மட்டும் கூட்டிப்போங்கள். வீட்டுக்கு வந்ததும் சாக்ஸைக் கழற்றி விரலிடுக்கு வரை நீங்களே பாருங்கள். அவர் 'ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் பாருங்கள்.

மரத்துப்போன காலை வெந்நீரில் வைக்கலாமா?

கொதிக்கும் நீரும் வேண்டாம், ஹீட்டர் பக்கமும் நீட்டாதீர்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். தேய்க்கவும் கூடாது. 37 முதல் 39 டிகிரி வரை, அதாவது முழங்கையை விட்டால் இதமாக இருக்கும் நீர் போதும். சூடு திரும்பும்போது வலிக்கும், பயப்பட வேண்டாம். தோல் வெளுத்துக் கெட்டியாகவே இருந்தாலோ, கொப்புளம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நனைந்த ஷூ காலைக்குள் காய வேண்டுமே?

உள்அட்டையைத் தனியாக எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி விரல் நுனி வரை அடையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் சொதசொதவென்று ஆகியிருக்கும், மாற்றிவிடுங்கள். படுக்கப்போகும் முன் இன்னொரு முறை மாற்றினால் காலையில் காய்ந்திருக்கும்.