சேதாரத்தில் மிஞ்சும் கூலிக்கு வங்கிக் கடன் கிடைக்குமா?

கேள்வி: காரைக்குடியில் 18 வருடமாக நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். கடைகள் தங்கம் கொடுக்கும்; கழுத்துரு (நகரத்தார் திருமணத் தாலி), சங்கிலி செய்து கொடுப்பேன். கம்பி இழுக்கும் மெஷின் வாங்க 2 லட்சம் கேட்டேன். வருமானத்துக்கு ஆதாரம் இல்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உங்களுக்கு வருமானம் இருக்கிறது, தாளில்தான் ஏறவில்லை. கடைக்காரர் 40 கிராம் கொடுத்து 4 சதவீதம் சேதாரம் ஒப்புக்கொண்டால் அது 1.6 கிராம். அரத்திலும் மெருகிலும் 0.9 கிராம் போனால், மிஞ்சும் 0.7 கிராம்தான் உங்கள் கூலி. அதை விற்ற காசு நேரே வீட்டுச் செலவுக்குப் போய்விடுகிறது. தங்கத் துகள் கலந்த உமிச்சட்டிச் (தங்கம் ஊதும் நெருப்புச் சட்டி) சாம்பல், பட்டறைக் குப்பை விற்ற காசும் அப்படியே. பிறகு வங்கி மேலாளர் எதைப் பார்த்து நம்புவார்?

முதலில் கார்பன் வைத்து எழுதும் ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தேதி, வாங்கிய எடை, டச் (தங்கத்தின் சுத்தம்), திருப்பிய எடை, பேசிய சேதாரம், கூலி எழுதி, கடைக்காரர் கையெழுத்து வாங்குங்கள். தயங்கினால், எடைத் தகராறு வந்தால் அவருக்கும் இதுதான் சாட்சி என்று சொல்லுங்கள். ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் கணக்கு) பார்த்துப் பழகிய ஊர், புரிந்துகொள்வார்கள். கூலியில் பாதியையாவது பணமாக உங்கள் வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள். ஒரு வருட வரவு மாதாமாதம் தெரிந்தால் பேச்சே மாறிவிடும். கடன் கேட்பதற்கு முந்தின வாரம் மொத்தமாகப் பணம் கட்டுவது மட்டும் வேண்டாம், சந்தேகம்தான் வரும்.

அடுத்து, சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்யுங்கள். அது இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ஆதாரில் இனிஷியலும் பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாகவும் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். விண்ணப்பம் முடங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

35 வயது ஆகியிருந்தால், மெஷின் கொட்டேஷனோடு சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றிக் கேளுங்கள். 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். உங்கள் 2 லட்சத்துக்கு அந்த முழு மானியமும் வரும். இல்லாவிட்டால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் ‘கிஷோர்’ பிரிவு இருக்கிறது: 50,000 முதல் 5 லட்சம் வரை, அடமானம் இல்லாமல்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். எவ்வளவு அவசரமானாலும் கடைத் தங்கத்தை அடகு வைக்காதீர்கள். அது உங்களை நம்பிக் கொடுத்த பொருள். வழக்கு வரும், பட்டறையும் போகும். வீட்டு நகையை வையுங்கள், நகையாகவே வையுங்கள். உருக்கிய கட்டியை வங்கி அடகு பிடிக்காது.